அறுநூற்றுப் பதினோராம் தாள்

ஏப்ரல் 2

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். கடிதத்தில் இரண்டு பேருக்கும் அந்த வசதி இல்லை. சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னிடமிருந்து எனக்கு ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

டாக்சி கம்பெனியில், தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கிற கவுன்டரில் நான் உட்காருவது உனக்குத் தெரியும். அங்கே டிரைவர்களின் ஓய்வறைச் சுவரில் ஞாயிறு தவிர தினமும் ஒரு தாள் ஒட்டுவதும் தெரியும். இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு உருது, கீழே இரண்டு மொழியிலும் ஒரு வாக்கியம். எங்கள் டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் உருது பேசுகிறவர்கள். ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் அவர்களுக்கு உரிமம் புதுப்பிப்பார்கள். இரண்டேகால் வருஷத்தில் எழுநூறு தாள் ஆகிவிட்டது. டிரைவர்கள் சங்கம் அதைப் புத்தகமாகப் போடப்போகிறது. தேர்வு ஜூலையில். மே இருபதுக்குள் அச்சகத்துக்குப் போகாவிட்டால் புத்தகம் வந்தும் பிரயோஜனமில்லை.

இதற்கு நீ குறுக்கே நிற்கிறாய். அறுநூற்றுப் பதினோராம் தாளைப் பற்றி நீ எழுத்தில் புகார் கொடுத்திருப்பதால், உன் சம்மதம் இல்லாமல் அதைச் சேர்க்க முடியாது என்கிறார் சங்கச் செயலாளர். அதை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். போனால் எழுநூறும் போகும், இல்லையென்றால் ஒன்றும் போகாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தாளில் என்ன தப்பு? சொல், 'டிவோட்டீஸ்'. ஒருவர்மேல் பக்தி வைத்து அவரைச் சுற்றியே இருப்பவர்கள். வாக்கியம், 'என் தம்பியின் டிவோட்டீஸ் அவனுடைய நாற்காலியைச் சுமக்கிறார்கள், அவன் காலில் ஷூவையும் மாட்டிவிடுகிறார்கள்.' என் விதி உனக்குத் தெரியும். வாக்கியத்தில் வருவதை நான் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது காதால் கேட்டிருக்க வேண்டும். டிசம்பரில் உன் பிறந்தநாளன்று, நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற உன் வகுப்புக் கூடத்துக்கு வந்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஒருவர் உனக்கு நாற்காலி தூக்கி வருகிறார். இரண்டு பெண்கள் மண்டிபோட்டு உனக்கு ஷூ மாட்டுகிறார்கள். நீ மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். மூட்டு வலிக்குப் பயிற்சி சொல்லித்தருகிறவனுக்கு இத்தனை பரிவாரமா என்று உள்ளே வராமலே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். உன் ஆள் ஒருத்தி வந்து தாளை உரித்துக்கொண்டு போனாள். நீ செயலாளருக்குப் போன் போட்டு, "ஏழாங்கிளாஸ் தாண்டாதவங்க எழுதறதை எல்லாம் சுவத்துல ஒட்டுவீங்களா?" என்று கேட்டாய். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஓய்வறையில் பதினாலு டிரைவர்கள் இருந்தார்கள். நானும் இருந்தேன்.

சம்மதக் கடிதத்தை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போடவில்லை. சம்மதக் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தாளை உரிக்க நான் யாரையும் ஏவவில்லை. வகுப்புக்கு வருகிற பாங்க் அம்மா, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், தானாகவே செய்தது அது. உங்கள் டிரைவர் ஒருவரின் மனைவி என் வகுப்பில் இருக்கிறார். அவருடைய போனில்தான் அந்தத் தாளின் படம் வந்தது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போய், எல்லாரும் படித்து முடித்த பிறகு என்னிடம் வந்தது. இருபது பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஐந்து நிமிஷம் உங்களுக்கு வந்திருந்தால் தெரியும்.

அவர்கள் யார் என்று கேட்டீர்களா? முதுகு பிடித்துப்போன தச்சர். இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்ட பள்ளி ஆசிரியை. கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமல் வந்து, இன்று தானே தலை வாரிக்கொள்கிற தையல்காரி. இவர்களைத்தான் என் அடிப்பொடிகள் மாதிரி சுவரில் ஒட்டினீர்கள்.

ஏழாங்கிளாஸ் பேச்சு கோபத்தில் வந்தது. நீங்கள் எழுதியது எந்தக் கோபத்தில் வந்ததோ, அதே கோபத்தில்.

'என் தம்பியின்' என்பதை 'ஒரு மனிதரின்' என்று மாற்றுங்கள். புகாரை அன்றே வாபஸ் வாங்குகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

'மதிப்பிற்குரிய', 'அவர்களுக்கு', 'தங்கள்'. மின்சார ஆபீசிலிருந்து வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். உன்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திவிட்டவளுக்கு இது தேவைதான்.

மாற்ற மாட்டேன். 'ஒரு மனிதரை' நான் பார்க்கவில்லை, என் தம்பியைத்தான் பார்த்தேன். பார்க்காததை எழுதுவதற்குக் கடையில் ஆயிரம் புத்தகம் இருக்கிறது. டிரைவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு என் தாளை ஏன் படிக்கிறார்கள் தெரியுமா? அதில் வருகிற குடை அந்தக் கவுன்டரில் இருக்கிற குடை. 'டென்ச்சர்' என்ற சொல்லுக்குப் போட்ட பல்செட் எட்டு மாதமாக அங்கேயே இளித்துக்கொண்டிருக்கிறது. உரியவர் இன்னும் வரவில்லை. எப்படிச் சாப்பிடுகிறாரோ.

ஏதோ வாய்க்கு வந்ததை எழுதினேன் என்று நினைக்கிறாய். அந்த ஒரு சொல்லுக்கு உருது எது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். டிரைவர்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் பெரியவர் என்பார்கள். அவர்கள் என்னைக் கூப்பிடுவது பாஜி, அவர்கள் மொழியில் அக்கா. ஓய்வறையே இரண்டு கட்சியாகிவிட்டது.

"முரீத்னு போடுங்க பாஜி," என்றார் ஒருவர்.

"அது ஞானிகிட்ட கை குடுத்துச் சத்தியம் பண்ணினவங்களுக்கு. பாஜியோட தம்பி ஞானியா?" என்றார் பெரியவர்.

"அப்ப ஷாகிர்த்?"

"அது வித்தை கத்துக்க வந்தவன். வித்தை முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவான்."

"தீவானான்னு போட்டா?"

"கிரிக்கெட் பார்க்கறப்ப நீ கத்துவியே, அது தீவானா. இது வேற. அகீதத்மந்த். மனசுக்குள்ள மரியாதையை நட்டு வச்சிருக்கறவன். பின்னால நடந்தாலும் நடப்பான், நடக்கலைன்னாலும் அவன் அவன்தான்."

அதைத்தான் போட்டேன். தாளை ஒட்டியதும் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "சொல் சரியா இருக்கு பாஜி. வாக்கியத்துல மட்டும் நீங்க கோபமா இருக்கீங்க," என்றார். இருந்தால் என்ன? கோபம் பொய்யாகிவிடுமா?

ஏழாங்கிளாஸைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் நிறுத்தியது நீ படிப்பதற்காக இல்லை, அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். கணக்கு டீச்சர் கை நீட்டினாள், நான் போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் படுக்கை விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டே இரண்டு மொழி கற்றேன். ஆங்கிலத்தைக் குப்பையில் எறிந்த படிவங்களிலிருந்து, உருதுவைப் பக்கத்து மெஷினில் நின்ற பெண்களிடமிருந்து. நீ பிசியோதெரபி உதவியாளர் பரீட்சைக்குப் படித்தபோது எலும்புப் பெயர்களை வாசித்துக் கேள்வி கேட்டது யார்? உனக்கு இன்று எத்தனை ஞாபகம் இருக்கிறதோ, எனக்கு எல்லாம் இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. ஒரு வரியில் பதில் போதும். நான் அன்று பார்த்தது பொய்யா?

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

நீ பார்த்தது பொய் இல்லை.

இதற்குமேல் நான்கு தடவை எழுதி, நான்கு தாளையும் கிழித்துப் போட்டேன். கூடத்துக்கோ வீட்டுக்கோ வராதே. கோபத்தில் சொல்லவில்லை.

பாங்க் அம்மா உன்னை வந்து பார்ப்பார். உரித்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர் பேச்சு கொஞ்சம் கறாராக இருக்கும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கு ஒத்துப்போகும் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பி,

உன் பாங்க் அம்மா வந்தாள். நேராகக் கவுன்டருக்கு வந்து கைப்பையை மேலே வைத்தாள்.

"நீங்கதான் அக்காவா?"

"யாருக்குங்கறதைப் பொறுத்து."

"மாஸ்டருக்கு."

"அப்ப நான்தான். என்ன தொலைச்சீங்க?"

"தொலைக்கலை. எடுத்துட்டுப் போனதைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

தாளை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். திரும்ப வந்த பொருள் என்பதால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். படித்துப் பார்த்துத்தான் போட்டாள்.

"மன்னிப்புக் கேக்கணும்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். எனக்கு அதுல இஷ்டமில்லை. இருந்தாலும் கேக்கறேன்."

"இஷ்டமில்லாம குடுக்கறதை நான் வாங்கிக்கறதில்லை. வச்சுக்கோங்க."

"நல்லது," என்றாள். எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது, அதை அவளிடம் சொல்லிவிடாதே.

போகிற வழியில் பெரியவரிடம் நின்றாள். நான் கேட்கவில்லை என்று நினைத்து மெதுவாகத்தான் பேசினாள். என் கண்தான் மங்கல், காது இல்லை.

"சக்கர நாற்காலியோட ஏறற மாதிரி வண்டி இருக்கா? பலகை சாய்ச்சு ஏத்துவாங்களே, அது. வாரத்துக்கு நாலு காலை. போகவும் வரவும்."

"எங்கேருந்தும்மா?"

அவள் சொன்னது உன் தெரு. உன் வீட்டு எண்.

கவுன்டரை மூடிவிட்டு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். டிசம்பரில் பார்த்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாற்காலி தூக்கி வந்தவர் அதை உனக்குப் பின்னால் வைத்தார். நீ திரும்பிப் பார்க்காமல் தொப்பென்று உட்கார்ந்தாய். ஷூ மாட்டின பெண்களில் ஒருத்தி உன் குதிகாலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். தானாகத் தூக்க முடிகிற காலை யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். பார்த்தவள் நான்தான். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள் நான்தான்.

எத்தனை மாதமாக? வராதே என்றாய், வரவில்லை. ஆனால் ஒளிக்காமல் எழுது. நம் வீட்டில் மிச்சம் இருப்பது நீயும் நானும்தான்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

பதினாலு மாதம். முதலில் இடது கால், பிறகு வலது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பலம் இழந்துகொண்டு வருகின்றன. நோயின் பெயர் உன் தாளின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு நீளம். உயிருக்கு ஆபத்தில்லை. மெதுவாகத்தான் போகும். கைக்கும் குரலுக்கும் ஒன்றும் வராது என்று டாக்டர் சொல்கிறார். கால் பழையபடி ஆகாது.

ஊருக்கெல்லாம் முழங்காலை மடக்கி நீட்டச் சொல்கிறவன், தன் காலை நீட்ட முடியாமல் நின்றால் யார் வருவார்கள்? ஆறு மாதம் மறைத்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினேன். ஒருநாள் வகுப்பு முடிந்து நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. எல்லாரும் போகட்டும் என்று ஏதோ தேடுகிற மாதிரி பையைக் குடைந்துகொண்டிருந்தேன். யாரும் போகவில்லை.

"மாஸ்டர், எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும். நீங்க சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தோம். நின்னு நின்னு எங்க கால் மரத்துப்போச்சு, எந்திரிங்க," என்றார் தச்சர்.

மறுநாள் பாங்க் அம்மா ஓர் அட்டவணை போட்டார். பதினோரு பேர். யார் எந்தக் காலையில் வந்து என்னைக் கிளப்புவது, யார் கூடத்தில் இருப்பது, யார் திரும்பக் கொண்டுபோய் விடுவது. ஒருநாளும் தவறியதில்லை. நான் உட்கார்ந்துகொண்டே சொல்லித்தருகிறேன், வகுப்பு முன்பைவிடப் பெரிதாகியிருக்கிறது.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். தெரிந்தால் மறுநாளே பெட்டியோடு வந்து இறங்குவாய், கூடத்தைப் பூட்டுவாய், என்னைப் படுக்கவைத்து விரிப்பை இழுத்துவிடுவாய். எனக்கு அந்தக் கூடம் வேண்டும் அக்கா.

உன் தாள் வந்தபோது பயந்துவிட்டேன். ஊர் சிரிக்கிறதே என்று வெட்கப்பட்டு அவர்கள் நின்றுவிட்டால் என்ன செய்வேன்? அந்தப் பயத்தில்தான் போனை எடுத்து அந்த வார்த்தையைச் சொன்னேன். அது ஸ்பீக்கரில் போகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் சொல்லியிருக்கக் கூடாது.

சம்மதக் கடிதத்தை நானே புதிதாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்தோடு. ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டுக்கொள். டிரைவர்கள் தேற வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பி,

உன் சம்மதக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீ கேட்டபோது மாற்ற மாட்டேன் என்றேன். இப்போது நீ மாற்ற வேண்டாம் என்கிறாய், அதையும் கேட்க மாட்டேன். பாதியைப் பார்த்துவிட்டு முழுதாக எழுதினேன். என் விதிப்படி அந்தத் தாள் செல்லாது. நீ சொன்னதற்காக எடுக்கவில்லை, இதைத் தெளிவாக வைத்துக்கொள்.

பெட்டியோடு வந்து இறங்குவேன் என்று எழுதியிருக்கிறாய். கடிதம் வந்த அன்று பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தது உண்மை. இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. பிறகு மேலே தூக்கிப் போட்டேன். உன் கூடத்தை யார் பூட்டப்போகிறார்கள்? பதினாலு மாதம் என்னிடம் வாயைத் திறக்காத உன்னை வேண்டுமானால் பூட்டலாம்.

மன்னிப்பு என்ற சொல் நாற்பதாம் தாளில் இருக்கிறது. வேண்டுமானால் அங்கே பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தில் தேடாதே.

இரண்டு விஷயம். ஒன்று, அடுத்த வாரம் வியாழக்கிழமை கூடத்துக்கு வருகிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுத்தான் அந்தச் சொல்லுக்கு வாக்கியம் எழுத முடியும். இரண்டு, ஏழாங்கிளாஸ் பேச்சைப் பதினாலு பேர் கேட்டார்கள். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதையும் அவர்கள் கேட்க வேண்டும். பலகை சாய்க்கிற வண்டி எங்களிடம் இரண்டு இருக்கிறது. பெரியவர் தானே ஓட்டி வருகிறேன் என்றார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவராகத்தான் கேட்டார்.

அக்கா


மே 8

அக்கா,

நேற்று நீ கிளம்பின பிறகு வகுப்பில் ஒரே பேச்சு. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று எழுதினவள், பத்தாவது நிமிஷத்தில் எழுந்து போய்ச் சுவரில் இருந்த எலும்புப் படத்தில் மூன்று ஆங்கிலப் பெயரைத் திருத்தினாய். ஆசிரியை வாயைப் பிளந்துவிட்டார். எல்லாரும் கை தூக்கும்போது நீ மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாய். தையல்காரி கேட்டதற்கு, "நான் பார்க்க வந்தவ, ஆட வந்தவ இல்லை," என்றாயாம்.

அதைவிடப் பெரிய கூத்து அட்டவணைக்கு முன்னால். ஏதோ சண்டை என்று தச்சர் ஓடினார்.

"செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் குறையுதே. நான் வரேன்," என்கிறாய் நீ.

"அதை நான்தான் முடிவு பண்ணணும்," என்கிறார் பாங்க் அம்மா.

"என் தம்பி."

"எங்க மாஸ்டர்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். அறுபத்தைந்து வயதில் இதைவிடப் புத்திசாலித்தனமாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலை பெரியவர் வண்டியோடு வந்தார். நீ கவுன்டரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன். நீ எதிரே இருந்தால் எனக்கு வாய் வராது. ஓய்வறையில் பதினாலுக்குப் பதில் இருபது பேர். செயலாளர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எங்க அக்கா வாசிக்க வாசிக்கக் கேட்டுத்தான் நான் பரீட்சை எழுதினேன். பாஸ் பண்ணினது நான், படிச்சது அவங்க," என்றேன். பெரியவர் அதை உருதுவில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. என்ன சேர்த்தார் என்று தெரியவில்லை.

ஒருவர் எழுந்து, "பாஜிக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தெரிஞ்சா நாங்க தேர்வுல தேறுற வரைக்கும் இதையே சொல்லிக் காட்டுவாங்களே," என்றார். அறையே சிரித்தது. நானும்தான்.

புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன். புது வாக்கியம் எழுதிவிட்டாயா?

தம்பி


மே 16

தம்பி,

நான் இல்லாத நாளாகப் பார்த்துப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெரியவர் சேர்த்துச் சொன்னதை எனக்கு ஒப்பித்துவிட்டார். அது என்னவென்று உனக்குச் சொல்லப்போவதில்லை.

புத்தகம் இன்று காலை அச்சகத்துக்குப் போனது. எழுநூறும் போனது. அறுநூற்றுப் பதினொன்றுக்கு வாக்கியம் இப்படி எழுதினேன்: 'என் தம்பியின் டிவோட்டீஸ் பதினோரு பேர். அவன் நடக்க முடியாத நாளில் அவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.' போகவில்லை என்பதை நான் கண்ணால் பார்க்கவில்லை, உன் கடிதத்தில் படித்ததுதான். தச்சரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். காதால் கேட்டதாக ஆகிவிட்டது. பெரியவர் இரண்டு தடவை படித்துவிட்டு, இப்போது கோபம் இல்லை என்றார். இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது என்றேன்.

டிரைவர்கள் இப்போதே என்னைப் போட்டு அரிக்கிறார்கள். முதல் பிரதி யாருக்கு என்று சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். போன வருஷம் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறியவருக்கு விழுந்தது. அவர் என்னிடம் வந்து, இந்தத் தடவை தேறாவிட்டால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் பாஜி என்றார். தேறிவிட்டு வந்து பேசு என்று அனுப்பினேன். தேறுவார். பார்த்தால் தெரிகிறது.

உன் பாங்க் அம்மா நேற்று இங்கே வந்தாள். செவ்வாய்க்கிழமை எனக்குத்தானாம். ஆனால் புதிதாக வருகிறவர்களை ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் அட்டவணையில் பேர் போடுவார்களாம். அக்கா, அத்தை என்று யாருக்கும் விலக்கு கிடையாதாம். அந்த ஒரு மாதமும் பொறுப்பு தச்சருடையது, நான் அவருக்கு உதவியாள். உன்னை எப்படி எழுப்புவது, எந்தப் பக்கம் கையைக் கொடுப்பது, எந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது என்று அவர் சொல்லித்தருவாராம். உன்னைத் தூக்க எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சரி என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய் காலை ஆறே முக்காலுக்கு வாசலில் இருப்பேன்.

அக்கா